தோட்டைத் தொடும் கை

கோடை பிறந்துவிட்டால் சனிக்கிழமை சாயங்காலங்களில் பூங்காவில் இலவசக் கச்சேரி. எந்த ஊர்ப் பாட்டு, எந்த நாட்டு மேளம் என்று கணக்கே கிடையாது. ஒரு வாரம் ஆட்டுத்தோல் பையில் காற்றை அடைத்து ஊதுவார்கள். இன்னொரு வாரம் மலைக்காரர்கள் வந்து மரக்கட்டையைத் தட்டியே உட்கார்ந்திருப்பவனை எழுப்பி ஆடவிட்டுவிடுவார்கள். ஜனங்கள் புல்லில் விரிப்பைப் போட்டு, பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு, கேட்டால் கேட்பார்கள், இல்லாவிட்டால் குறட்டை விடுவார்கள். காசா, பணமா?

அத்தனை கூட்டத்திலும் பாட்டின் பக்கமே காதைத் திருப்பாத ஒருத்தி இருந்தாள். அவள் சவுண்டின் சம்சாரம்.

சவுண்டு என்பது அவள் புருஷனுக்குப் பூங்கா வைத்த பெயர். குமிழ்களை மேலே தள்ளியும் கீழே இழுத்தும் மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பவர் அவர்தான். வாலிபத்திலிருந்தே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பிழைத்த மனுஷன். அந்த ஸ்பீக்கரே கடைசியில் அவர் காதைத் தின்றுவிட்டது. ஒரேயடியாக அல்ல. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு காலிங் பெல். ஒருநாள் அடுப்பில் குக்கர் வீடே அதிரக் கத்துகிறது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேப்பர் படிக்கிறார்! அன்றைக்குத்தான் அவள் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மகள் போனில், "அப்பா, எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்றால், "ரொம்ப சந்தோஷம்மா" என்பார். மகள் சிரிப்பாள், இவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். வேறு என்ன செய்வது?

மெஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இவர் எகிறிக் குதித்தார்.

"கண்ணாடி போட்டவன் பஸ் ஓட்டலாம். காதுல மெஷின் போட்டவன் சவுண்டு பாக்கலாமா? எவனாவது விடுவானா? இந்த வேலையும் போச்சுன்னா நான் என்னத்துக்கு ஆவேன், சொல்லு."

ஆகவே அவர் காதாக அவளே போய் உட்கார்ந்தாள்.

மைக்கில் சத்தத்தைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றினால், ஸ்பீக்கரிலிருந்து வருவதையே மைக் திரும்பப் பிடித்து 'கூ...' என்று விசிலடிக்கும். முதலில் ஊசி முனையளவு, அப்புறம் காதைப் பிளக்கும். அந்த ஊசி முனையிலேயே பிடிக்காவிட்டால் சவுண்டுக்காரன் மானம் கப்பலேறிவிடும். பெட்டியில் விளக்கு எரியும். சத்தம் எவ்வளவு என்று அது சொல்லும், விசிலா பாட்டா என்று சொல்லாது. அதனால் அவள் மேஜைக்கு முன்னால் மடக்கு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். வலது மைக் விசிலடித்தால் வலது தோட்டைத் தொடுவாள். இடது மைக் என்றால் இடது தோடு. பாடுகிறவர் குரல் அமுங்கினால் கை தாடைக்குப் போகும். இரண்டு கையும் மடியில் இருந்தால் எல்லாம் சரி.

"அக்காவைப் பாருங்க, மேடையப் பாக்காம புருஷன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு! நேத்துதான் தாலி கட்டின மாதிரி" என்று பூங்காவுக்கு மேனேஜராக இருந்த பெண் கிண்டல் பண்ணுவாள். இவள் வெட்கப்பட்டவள்போலச் சிரிப்பாள். பகலெல்லாம் தையல் கடையில் குனிந்த கழுத்து, சாயங்காலம் இப்படி நிமிர்ந்தே இருந்து மரத்துப்போகும். இரண்டு கோடை ஓடிவிட்டது. என்ன பாடினார்கள், எப்படிப் பாடினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. அவள் கேட்டதெல்லாம் விசில் வருகிறதா, விசில் வருகிறதா, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மேடைக்கு வந்தவள் ஒல்லியான நடுவயதுக்காரி. மடியில் சுரைக்காய் அளவுக்கு ஒரு வாத்தியம், அதில் ஒற்றைத் தந்தி, கையில் வில். எங்கோ கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து வந்தவளாம். வாத்தியத்தின் சத்தமோ கொசு ரீங்காரம். புல்லில் பின்னால் இருந்தவர்கள், "கேக்கல, கேக்கல" என்று குரல் கொடுத்தார்கள். சவுண்டு ஏற்றினார். இன்னும் ஏற்றினார். விசிலுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சம்சாரத்தைப் பார்த்தார். கை மடியில் இருந்தது.

வில் தந்தியில் இழைந்தது. அவளுக்கு அந்தப் பாஷையும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் பாழாய்ப்போன அந்தத் தந்தி நேராக வந்து அவள் நெஞ்சைத் தொட்டுவிட்டது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டேடி' என்று சொன்னதுபோல் இருந்தது. அப்படி அவளிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினாள்.

அப்புறம் அவள் கேட்டது, ஒரு குழந்தை வீல் என்று அழுததைத்தான்.

கண்ணைத் திறந்தால் பூங்கா முழுவதும் கையால் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. விசில் வானத்தைக் கிழிக்கிறது. வாத்தியக்காரி வில்லைக் கீழே போட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, எல்லாக் கச்சேரியிலும் எவனாவது கத்துவதைத்தான் கத்தினான்.

"யோவ் சவுண்டு! காது செவிடாய்யா?"

காதைப் பொத்தியவர்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. எந்த மைக் என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். அவள் கை இடது தோட்டைத் தொடுவதற்குள் அவர் வலதைக் குறைத்துவிட்டார். விசில் நிற்கவில்லை. மேனேஜர் ஓடிவந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இருந்த குமிழ்களை எல்லாம் கீழே இழுத்தாள்.

பூங்கா அமைதியாயிற்று. மேனேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே, "அண்ணே" என்றாள். அவர் திரும்பவில்லை. "அண்ணே, உங்களைத்தான்." அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் மெல்ல இவள் பக்கம் திரும்பினாள். கிண்டல் பண்ணிய வாய் கோணிக்கொண்டது.

"எவ்வளவு நாளாக்கா?"

இரண்டு கோடையாக எதைக் காப்பாற்றினாளோ அதைத் தானே கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். வேறு எவன் மேலாவது பழி போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மேனேஜர் கெட்டவள் இல்லை. அவர் எதிரே வந்து, வாயை நன்றாகத் திறந்து, "அடுத்த வாரத்துலேர்ந்து ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றாள். ரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? அவர் வயர்களை ஒன்றுவிடாமல் சுற்றிக் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். திருப்பத்தில் தெருவிளக்கின் கீழே அவர் நின்றார்.

"தூங்கிட்டியா?"

தலையசைத்திருந்தால் போதும், அதோடு போயிருக்கும். அவளுக்கு மனசு வரவில்லை. வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி, உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"இல்லீங்க. பாட்டு கேட்டேன்."

அவர் திட்டுவார் என்று பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றவள் நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள்.

"சரி, போகட்டும் விடு. வீட்ல ஒரு ஆளாவது கேட்டுச்சே" என்று அவர் முன்னால் நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரே அவள் தையல் கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பூங்கா இரண்டு தெரு தள்ளித்தான். ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தாள். சாத்தினால் ஏன் என்று கேட்பார். யாரோ கூட்டமாகப் பாடினார்கள். அவர் வழக்கம்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஜன்னல் வழியாக 'கூ' என்று அந்த விசில் வந்தது. புது சவுண்டுக்காரனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் யோசிக்கவேயில்லை. ஊசியோடு கை எழுந்து இடது தோட்டைத் தொட்டுவிட்டது.

மேஜைமேல் அவருடைய இடது கை அசைந்தது. இரண்டு விரலால் எதையோ பிடித்து, மெதுவாக, பக்குவமாகக் கீழே இழுத்தார். இழுத்த பிறகுதான் வெறும் மேஜை என்று கவனித்தார். ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

"நின்னுடுச்சா?" என்றார்.

வெளியே அது இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் சட்டையை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.