பதினொன்றே காலுக்குப் பிறகு விழாத முகம்

வெண்ணந்தூர் வேலுசாமியின் முகம் 2012ஆம் ஆண்டு ஆவணி பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றே காலிலிருந்து எந்தக் கேமராவிலும் தெளிவாக விழுவதில்லை. நேரம் இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், பதிவு அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அதைப் படத்துக்குக் கீழேயே அச்சடித்து வைத்திருக்கிறது. சட்டைக் காலர் விழும், பொத்தான் விழும், பையில் செருகிய பேனாவின் மூடிகூட விழும். கழுத்துக்கு மேலே மார்கழிப் பனி மாதிரி ஒரு வெள்ளைப் புகைதான். கண்ணாடியில் மட்டும் முகம் ஒழுங்காகத் தெரிந்தது, அதனால் சவரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

அன்றைக்கு அவனோடு போயிருந்தவள் மோகனூரில் வாக்கப்பட்ட தங்கை தமிழ்ச்செல்வி. அப்பா சென்னியப்பன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிணற்று மோட்டாரின் கரண்டு இணைப்பு இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது, மாற்றுவதற்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று அண்ணன் போன் செய்தான். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவள். ஆனால் அண்ணன் நீட்டிய காகிதத்தை வாசிக்கவில்லை. அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தபோது, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை இவளுமாகப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க நின்றவர்கள். அப்படி நின்ற தங்கை அண்ணன் கொடுத்ததை வரி வரியாகப் படித்துப் பார்த்தால், அது அவனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். சம்மதமா என்று பதிவாளர் கேட்டதற்கு ஆமாங்க என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். அடுத்து அண்ணன் உட்கார்ந்தான். குமாஸ்தா ஆறு தடவை எடுத்துப் பார்த்தார், வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, ஏழாவதை அப்படியே ஏற்றிவிட்டார். அண்ணன் அவளுக்குக் காபியும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ஒரு பை நிலக்கடலையோடு பஸ் ஏற்றிவிட்டான்.

அடுத்த வருஷம் வேலுசாமியின் மகள் கிருத்திகாவுக்குக் காதுகுத்து. ராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பயாஸ் முந்நூறு படம் எடுத்தார். மாமன்காரன், ஆசாரி, அழுகிற பிள்ளை, கட்டிப்போட்ட ஆடு எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்க, பிள்ளையைப் பெற்றவன் மட்டும் எல்லாப் படத்திலும் புகை. இதைப் பார்த்துக் கொதித்தது அவன் பெண்டாட்டி அல்ல, தமிழ்ச்செல்விதான். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போய்விட்டாள்.

"ஆட்டயெல்லாம் இத்தன அழகாப் புடிச்சிருக்கறீங்க. எங்கண்ணன் என்னுங்க பாய் பண்ணுச்சு உங்கள?"

பயாஸ் கோபிக்கவில்லை. தொழில் தெரிந்த மனுஷர், அவருக்கே அது புரியாமல் தூக்கம் கெட்டிருந்தது. "கை ஆடுனா படம் பூரா மங்கும்க்கா. ஆளு ஆடுனா ஆளு மங்கும். போக்கஸ் பின்னால போயிருச்சுன்னா செவுரு பளிச்சுனு இருக்கும். வெளிச்சம் பத்தலீன்னாலும் மங்கும். எனக்குத் தெரிஞ்சு வேற காரணமில்ல" என்றார். அப்படியானால் நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று அவள் சேலம் போய் ஒரு கேமரா வாங்கி வந்தாள். அதன் பொத்தான்களைப் பயாஸிடமே கற்றுக்கொண்டாள்.

ஒன்பது பொங்கல் அவள் அந்தக் கேமராவோடு வெண்ணந்தூருக்குப் போனாள். கை ஆடுகிறதோ என்று ஸ்டாண்டு போட்டாள். வெளிச்சம் போதவில்லையோ என்று உச்சி வெயிலில் நிறுத்தினாள். ஆள் அசைகிறதோ என்று தென்னை மரத்தில் சாயவைத்தாள். வேலுசாமியும் முகம் சுளிக்காமல் நின்றான். அவனுடைய வாக்காளர் அட்டையிலும் லைசென்சிலும் புகைதான். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வைத்த பிளெக்ஸில் ஆறடி உயரத்துக்குப் புகை கும்பிட்டுக்கொண்டு நின்றது, போகிறவர்கள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் தமிழ்ச்செல்வி விடமாட்டாள், லென்ஸில் ஈரம், பேட்டரி மட்டம் என்று ஏதாவது சொல்லி அடக்கிவிடுவாள். எடுத்த படம் எதையும் அவள் அழித்ததில்லை. என்றைக்காவது ஒன்றில் அண்ணன் முகம் வந்துவிடும் என்று மனசார நம்பினாள், பாவம்.

2022இல் அவள் மகள் சௌந்தர்யா நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்தாள். வெண்ணந்தூரில் தாத்தா நிலத்தில் அம்மாவின் பங்கான இரண்டு ஏக்கரில் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை போடலாம் என்று தாயும் மகளும் திட்டம் போட்டார்கள். பட்டா கேட்டுப் போனபோது அதில் வேலுசாமி பேர் மட்டும்தான் இருந்தது. ஏதோ தவறு என்று நினைத்து, தமிழ்ச்செல்வி பத்திர நகல் எடுத்தாள்.

நகலில் அவள் முதலில் பார்த்தது எழுத்தை அல்ல, படத்தை. பதினொன்று பன்னிரண்டுக்கு எடுத்த அவள் படத்தில் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். பதினொன்றே காலுக்கு எடுத்த அண்ணன் படத்தில் காலர் இருந்தது, பொத்தான் இருந்தது, முகம் இல்லை. பயாஸிடம் கற்றதை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். கேமரா மேசையில் பதித்தது, ஆட வழியில்லை. அதே நாற்காலி, அதே டியூப்லைட். ஆள் அசைந்திருந்தால் காலரும் கலங்கியிருக்கும். கழிக்கக் கழிக்கக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம்தான் எழுத்தைப் படித்தாள். தன் பங்கு முழுவதையும் அண்ணனுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. பத்து வருஷம் இந்த முகத்துக்காகவா ஊரோடு மல்லுக்கு நின்றோம் என்று நினைத்து நகலை மடித்துப் பையில் வைத்தாள். அலுவலக வாசலில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள்.

மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போனபோது வேலுசாமி கிணற்று மேட்டில் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் அவனுக்கும் ஒரு கஷ்டம். மூத்த மகன் கவின் சிங்கப்பூரில் வேலையாக இருந்தான், அங்கே பேரன் பிறந்திருந்தான். போய்ப் பார்க்கலாம் என்றால், படத்தில் முகம் விழாததால் வேலுசாமி மூன்று தடவை பாஸ்போர்ட் கிடைக்காமல் திரும்பியிருந்தான்.

"பத்தரத்தப் படிச்சேனுங்ணா" என்றாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. அவளும் சண்டை போட வரவில்லை. "என்ற பங்கத் திருப்பி எழுதிப்போடுங்ணா. உங்க மூஞ்சி வந்துருமுங்க. பேரனப் போயிப் பாக்கலாம்."

வேலுசாமி நம்பினான். முகம் வந்துவிடும் என்பதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திரும்புகிற நேரம் வரை யோசித்தான்.

"மூஞ்சி கெடக்குது, உடு சாமி" என்றான். "இந்தக் கெணத்துல சித்திரையிலயும் தண்ணி நிக்குது."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது கூப்பிட்ட அதே குரலில் சாமி என்றதுதான் அவளை அறுத்தது. வந்தது வந்துட்ட, ஊட்டுல சோறு தின்னுட்டுப் போ என்று வேறு சொன்னான். அவள் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். ஸ்டாண்டு இல்லை, கை வெடவெடவென்று நடுங்கியது. கை ஆடினால் படம் பூராவும் மங்க வேண்டும். ஆனால் கிணற்றுக் கல், குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர், அவன் கையிலிருந்த மண்வெட்டி எல்லாம் துல்லியமாக விழுந்தன.

ராசிபுரத்தில் பயாஸ் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும், பழக்கதோஷத்தில், மன்னிச்சுக்கங்க அக்கா என்று ஆரம்பித்தார். இப்போதெல்லாம் மங்கின முகத்தைச் சரிசெய்ய மென்பொருள் வந்திருக்கிறது, பழைய படம் ஒன்று கொடுத்தால் அச்சு அசலாக முகம் வைத்துத் தருகிறேன் என்றார்.

"வேண்டாமுங்க பாய்" என்றாள் தமிழ்ச்செல்வி. "எங்கண்ணன் மூஞ்சி இதானுங்க. இப்படியே போடுங்க."

பயாஸ் பெரிய அளவில் அச்செடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தார். அவள் அதைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு மோகனூர் பஸ் ஏறினாள்.