தாயின் தொழில்

பெண்பிள்ளையை வெளியூர் இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்ப, பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். பையன்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவர்கள் கோயம்புத்தூரில் தொலைந்தே போனாலும் கல்லூரிக்குக் கவலையில்லை போலும். புவனேஸ்வரிக்குக் கோவை ஆலை ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவில் இரண்டு மாதம் கிடைத்திருந்தது. வகுப்பில் மூன்றே பேருக்குத்தான் அந்த யோகம். அங்கே பயிற்சி முடித்தவர்களைத்தான் பிறகு வேலைக்கும் எடுப்பார்களாம். இன்று பன்னிரண்டு மணிக்குள் சம்மதக் கடிதம் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவான பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போகாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

அம்மா அய்யம்மாள் சாணார்பட்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது மணி பதினொன்றரை. விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் இறங்கியவள், பூவை மார்க்கெட் வண்டியில் ஏற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே வந்திருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தை வாங்கினாள். பெற்றோருக்குப் புரிய வேண்டுமென்று தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். எதையும் முழுக்க வாசிக்காமல் அய்யம்மாள் கையெழுத்துப் போடமாட்டாள். அது தெரிந்தும், தான் நிரப்பிவைத்திருந்த ஒரு வரியைப் புவனேஸ்வரி மறந்திருந்தாள்.

"தாயின் தொழில், இல்லத்தரசி," என்று எழுத்துக்கூட்டி வாசித்த அய்யம்மாள் பேனாவை மூடினாள். "இது யாருடி?"

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறாக."

"அப்ப அந்த மகராசியவே கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கிக்க. நான் போடமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் புவனேஸ்வரி முதலில் நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று புரிந்தது.

மூன்று மாதமாக பிளேஸ்மென்ட் செல்லில் இன்டர்வியூவுக்குப் பழக்கினார்கள். பயோடேட்டா எழுதுவது, கை குலுக்குவது, தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது. அம்மா ஹோம்மேக்கர் என்று அறுபது பேரில் ஏறக்குறைய எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். அந்த அம்மாக்களில் பாதிப்பேர் அந்நேரம் ஏதாவதொரு தோட்டத்தில் குனிந்துகொண்டிருந்திருப்பார்கள். ஒரே ஒருத்தி, தமிழ்மதி, தன் அம்மா பூ எடுக்கப் போகிறாள் என்று சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பொன்றும் இல்லை. ஆனால் மறுவாரம் தமிழ்மதியின் அம்மாவும் ஹோம்மேக்கர் ஆகிவிட்டாள். அடுத்ததாக எழுந்து பேச வேண்டியிருந்த புவனேஸ்வரியோ, அன்றைக்கே தன் அம்மாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டாள்.

இப்போது அவள் உள்ளே ஓடி, பிளேஸ்மென்ட் செல் பொறுப்பாளர் சேவியரிடம் வேறு படிவம் கேட்டாள்.

"அதெல்லாம் யாரும்மா பாக்குறா? கையெழுத்து இருக்கான்னு மட்டுந்தான் பாப்பாங்க. வேற ஃபாரம் இல்ல. வேணும்னா அடிச்சு எழுதிக்க," என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே வந்தபோது அய்யம்மாள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொம்மையன் தோட்டத்துக்கு எட்டுப் பேரா? ஆறுதான் அனுப்ப முடியும், முல்லைப் பூ எடுக்க நாலு பேரு போகணும். ஏய், பெருமாயிக்கு இடுப்பு வலி. அவள உசரமான செடிப் பக்கம் விடு. குனிஞ்சா செத்த நேரத்துல உக்காந்துருவா."

யாரை எங்கே விடுவது, யாரால் எவ்வளவு முடியும். இதைக் கற்றுக்கொள்ளத்தானே கோவைக்குப் போகிறோம் என்று புவனேஸ்வரிக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"அன்னைக்கு ஒருத்தி சொன்னதுக்குச் சிரிச்சாங்கம்மா. அதான்..."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக. நீ எதுக்குடி அவுகளோட சேந்துகிட்ட?"

புவனேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "ஒன் வேலைக்கு என்னம்மா பேரு?"

"பேரு என்னத்தப் பேரு. முப்பது பேரக் கூட்டிட்டுப் போயி பூ எடுக்குறவ. அம்புட்டுத்தான்."

இல்லத்தரசியை அடித்துவிட்டு அம்மா சொன்னதையே எழுதினாள். கட்டத்துக்குள் அடங்காமல் எழுத்து ஓரம் வரைக்கும் போயிற்று. அய்யம்மாள் தாளை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவள் விரல் மேல்வரியில் வந்து நின்றது.

தந்தையின் தொழில், விவசாயி.

இருந்த ஒன்றரை ஏக்கரும் கைவிட்டுப் போய்ப் பதினோரு வருஷமாகிறது. அப்பா இப்போது ஒரு மில் கேட்டில் வாட்ச்மேன். அந்த வரியை எழுதியபோதும் புவனேஸ்வரியின் கை தயங்கவில்லை.

"அதையும் அடிச்சிரவாம்மா?"

அய்யம்மாள் அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேணாம், அது இருக்கட்டும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். "குடுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்க. சாயந்தரம் அந்த மனுசன்கிட்ட காட்டு."