சகலையின் கம்பைலர்

சோதனைக் கூடத்துத் திரையில் ரகசியச் சொல் எழுத்தெழுத்தாக வந்து நின்றபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ரகசியத்தைத் திருட முடிகிறதா என்று சோதிக்கும் திருட்டு புரோகிராமை ஓட்டிக் காட்டிய பெண், "சார், பாதுகாப்பு போட்ட கர்னல்னுதானே குடுத்தீங்க?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள், அதுதான் வலித்தது.

ப்ராசஸர் ஓர் அவசரக்குடுக்கை. அடுத்து இதுதான் வரும் என்று ஊகித்து முன்கூட்டியே ஓடிவிடும். ஊகம் தப்பினால் திரும்பி வந்து ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். ஆனால் கால்தடம் கிடக்குமே, அதைப் பார்த்துத்தான் திருடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு எங்கெங்கே கடிவாளம் வேண்டும் என்று, கம்ப்யூட்டரை ஆளும் மையப் புரோகிராமான கர்னலில் எழுதியவன் நான். கடிவாளத்தைக் கட்டளைகளுக்குள் வைத்துத் தைப்பது, நாங்கள் எழுதுவதை ப்ராசஸருக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர். அதற்கு அந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தவர், அடுத்த அறையில் இருக்கும் என் சகலை.

மனைவியின் தங்கை கணவர். வயதில் சின்னவர், மற்ற எல்லாவற்றிலும் பெரியவர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். "சின்ன மாப்ள கம்ப்யூட்டருக்கே பூட்டு போட்டுட்டாராமே, நீங்களும் அங்கதானே இருக்கீங்க?" என்று மாமனார் என்னிடமே கேட்டார். எங்கள் குழுவின் தலைமைப் பதவி காலியாக இருந்த நேரம். சகலை மேனேஜர் அறையிலிருந்து சிரித்தபடி வெளியே வந்ததைப் பார்த்தேன். போதாதா? ஊகித்து ஓடுவதில் நான் ப்ராசஸருக்கு அண்ணன்.

அவருடைய புதுக் கம்பைலரைத் தொடக் கை வரவில்லை. சோதனைக்கான கர்னலைப் பழையதிலேயே கட்டினேன். அதற்கு அந்தத் தையல் தெரியாது. தெரியாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று, கட்டுவதற்கான ஸ்கிரிப்டில் எழுதி வைத்த புத்திசாலியும் நானே.

சோதனைக் கூடத்துக்குள் சகலை வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"பழைய கம்பைலரா சகலை? என்னோடதுல ஏதாவது கோளாறா?"

"கோளாறே இல்ல. அதான் எனக்குக் கோளாறு."

அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து புதியதில் கட்டினார். இம்முறை திருட்டு புரோகிராமுக்கு வெறும் குப்பைதான் கிடைத்தது. நான் எழுதியது ஒழுங்காக வேலை செய்தது, கைதட்டல் அவருக்கு. அவர் எழுந்து வெளியே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட் அருகே பிடித்தேன்.

"நேராச் சொல்லுங்க சகலை. அந்தப் பதவியைக் கேக்கத்தானே அன்னிக்கு மேனேஜரைப் பாத்தீங்க?"

"ஆமா. உங்களுக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன்."

"இப்ப?"

"இப்பதான் அவர்ட்ட போயி, உங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போனவர், கதவு மூடிவிடாதபடி உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, நான் ஏறுவதற்காகக் காத்து நின்றார்.