அக்கா வண்டிக்கு வாங்கிய பெல்ட்

1

இந்தக் கதை ஒரு நக்கலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு முகம் கறுத்துப்போகும். என் அக்காவின் கணவரை, அதாவது அத்தானை, வைத்து ஒரு சிரிப்புக் கதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அத்தானுக்குக் கார் பைத்தியம். தெரிந்தவர்கள் யார் கார் வாங்கினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அவரோ ஒரு வார்த்தையோடு விடுகிற ஆள் இல்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "அத்தான் மனிதர்களை நம்பமாட்டார், எஞ்சின்களை நம்புவார்."

(அடித்துவிட்டேன். கெட்டிக்கார வரி. கெட்டிக்கார வரியில் ஆரம்பித்த என் கதை எதுவும் உருப்பட்டதில்லை.)

அடுத்தது: "அன்று காலை மேம்பாலத்தின் நடுவில் அக்காவின் கார் நின்றபோது..."

இதையும் பாதியில் விட்டேன். அந்தக் காலையை எடுத்த எடுப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு எங்கிருந்தாவது சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

2

வீட்டில் இரண்டு கார்கள். சாம்பல் நிறக் கார் அக்காவுடையது. அக்கா செவிலியர். வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, என்னைப் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அதில்தான். அது எந்தத் தொந்தரவும் தந்ததில்லை. அதனாலேயே அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சிவப்பு நிறக் குட்டிக் கார் அத்தானுடையது. அதன் சொந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு, அக்கா வண்டியில் இருக்கிற அதே வகை எஞ்சினை வாங்கிப் பொருத்தி, வேகம் கூட்ட அதற்கு டர்போவும் மாட்டியிருந்தார். எடை குறையட்டும் என்று பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் திடலில் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். யாரோடும் போட்டி கிடையாது. போன வாரத்து அத்தானை இந்த வாரத்து அத்தான் முந்தவேண்டும், அவ்வளவுதான்.*

* இதை நான் கிண்டல் செய்தபோது அக்கா என்னைத்தான் கடிந்துகொண்டாள். ஒரே பத்தியை ஒரு மாதமாக மாற்றி மாற்றி எழுதுகிறவன் பேசக்கூடாதாம்.

வண்டியின் நம்பகம் பற்றி அவர் சொல்வதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அது சரியான பேச்சு. "நல்ல வண்டின்னா கெடாதுன்னு அர்த்தம் இல்ல மச்சான். எது எப்போ கெடும்னு முன்னாடியே தெரியும். அதுக்கு முன்னாடி நாம மாத்திடணும். மாத்தலன்னா தப்பு நம்மளோடது, வண்டியோடது இல்ல."

டைமிங் பெல்ட்டைப் பற்றியும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எஞ்சினுக்குள் ஓடுகிற ரப்பர் பட்டை. பெரும்பாலும் ஒரு சத்தம்கூடக் கொடுக்காமல் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே இரும்போடு இரும்பு மோதி எஞ்சின் படுத்துவிடும். கெடு வந்ததும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆட்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்.

3

இங்கேதான் கதை என்னிடம் மக்கர் செய்தது. அத்தானைக் கோமாளியாக எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. கல்நெஞ்சுக்காரராக எழுதினேன், அதுவும் பொய். முன்பின் தெரியாதவர்களின் வண்டி நடுத்தெருவில் நின்றாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிகிற மனிதர் அவர். எப்படி எழுதினாலும் அவர் நல்லவராகவே வந்து நிற்கிறார். அவர் செய்த காரியமும் மாறமாட்டேன் என்கிறது.

செய்தது இதுதான். அக்கா வண்டிக்குப் பெல்ட் மாற்றும் கெடு வந்தது. வேலை முடிந்து வருகிற வழியில் அக்காவே உதிரிபாகக் கடைக்குப் போய்ப் பெல்ட் பெட்டியை வாங்கிவந்து அவர் மேசையில் வைத்தாள். அந்த ஞாயிறு அத்தானுக்குத் திடலில் ஓட்டம். வெறித்தனமாக ஓட்டுகிற வண்டிக்குத்தான் பெல்ட் சீக்கிரம் தேயும் என்பது அவர் கணக்கு. எஞ்சின் ஒன்றுதானே, பெட்டியைப் பிரித்துச் சிவப்பு வண்டிக்குப் போட்டுவிட்டார். அக்கா வண்டிக்கு அடுத்த பெட்டி வந்ததும் போடலாம் என்றிருந்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அடுத்த பெட்டி வாங்குகிற நினைப்பே வரவில்லை.

(இந்த இடத்தில் மனைவிக்கும் அந்தச் சாம்பல் நிற வண்டிக்கும் ஒரு ஒப்புமை எழுதியிருந்தேன். அக்கா படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள் என்று எடுத்துவிட்டேன்.)

4

இனி தள்ளிப்போட முடியாது.

செவிலியர் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குத் தேர்வு. அக்காவின் நெடுநாள் ஆசை அது. வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் காய் நறுக்கும் பலகையைத் தள்ளிவைத்துவிட்டுப் படிப்பாள். பிரசவ வலியின் கட்டங்களை எனக்குப் பாடம் எடுத்துப் பழகினாள். நான் நெளிவேன், அவள் விடமாட்டாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேம்பாலத்தின் நடுவில் வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்தது. அத்தானுக்கு அழைத்தாள். அவர் தலைக்கவசத்தோடு திடலில் இருந்தார். அக்கா வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்தில் இறங்கி ஓடி, டாக்சி பிடித்துத் தேர்வு மையத்துக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். காவலாளி உண்மையாகவே வருத்தப்பட்டாராம்.

(அத்தான் வாழ்நாளிலேயே வேகமாக ஓட்டிய சுற்று அன்றைக்குத்தான் என்று ஒரு வரி இருந்தது. அது நானாகச் சேர்த்தது. அவரிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்குத் துணிவில்லை, எடுத்துவிட்டேன்.)

எஞ்சினைத் திறந்து பார்த்த அத்தான் எதையும் மறைக்கவில்லை. தானே வந்து சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தப் பெட்டிய நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றாள் அக்கா.

"உன் வண்டி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்குச்சே. இத்தனை நாள் தாங்குச்சே."

பிறகு சோற்றுக்கு உலை வைக்க எழுந்து போய்விட்டாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அத்தான் சிவப்பு வண்டியை விற்றுவிடுகிறார். கண்ணில் நீர் வரும்படி நன்றாகவே வந்தது. ஆனால் விற்பதால் அக்காவுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்ததும் பேனா நின்றுவிட்டது.

அரசாங்கம் வயது வரம்பைத் தளர்த்துகிறது. அப்படி ஒரு அறிவிப்பு வந்திருந்தால் நான் ஏன் கதை எழுதப்போகிறேன், இனிப்பு வாங்கப் போயிருப்பேன்.

உண்மையில் நடப்பது வேறு. சாம்பல் நிறக் காரை அத்தான் புத்தம்புதிதாக ஆக்கிவிட்டார். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, பெல்ட் மாற்றி, மாற்றத் தேவையில்லாததையும் மாற்றினார். தினமும் காலையில் துடைத்து, ஓடவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறாள். வீட்டில் சண்டை இல்லை, பேச்சும் நிற்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிறாள், அவர் மாத்திரையை எடுத்துவைக்கிறாள். அந்தக் காரில் மட்டும் ஏறுவதில்லை.

அத்தான் என்னிடம் ஒருமுறை கேட்டார், "மச்சான், கதையிலயாவது ஏறிடுவாளா?" நான் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

6

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். துணி மடித்துக்கொண்டே படித்தாள். பிரசவப் பாடம் வந்த இடத்தில் சிரித்தாள். படித்து முடித்துத் தாள்களை என் மடியில் வைத்தாள்.

"எப்படியும் நீ என்னை அந்தக் கார்ல ஏத்திடுவே. உனக்குக் கதை முடியணும்."

அத்தான் ரொம்ப வருத்தப்படுகிறார் என்றேன்.

"தெரியும்டா. அம்மா சொல்றாங்க, பக்கத்து வீட்டுல சொல்றாங்க, இப்ப நீயும் சொல்றே. அந்த வாய்ப்பு போனது எனக்கு. அவரோட வருத்தத்தையும் நானே ஆத்தணுமா?"

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அதனால் இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. நாளைக் காலையும் அத்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், அக்கா படியிறங்கி வருவாள். அவளை ஏற்றவும் எனக்கு மனமில்லை, அவரை அப்படியே நிற்கவைக்கவும் மனமில்லை. பாவம் பார்த்து நீங்கள் ஏற்றிவிடலாம், உங்களை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஏற்றுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை.