நாச்சிமுத்துவுக்கு மயக்கம் கொடுத்த நாள்

அருள்மேரி அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே, கொடைக்கானலில் முட்டிவலி உள்ளவர்கள் ஒவ்வொருவராக அவள் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லாம் அவள் அப்பா செய்த உபகாரம். மிஷன் பள்ளி ஒன்றில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த அவர், மகள் 'ஜாயின்ட் டிகிரி' படிக்கிறாள் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரை வரை சொல்லி வைத்திருந்தார். ஜாயின்ட் என்றால் மூட்டு என்று ஊர் எடுத்துக்கொண்டது.

"மூட்டு இல்லீங்க. ரெண்டு படிப்பைச் சேத்துப் படிக்கிறேன். ஒண்ணு சட்டம். இன்னொண்ணு, வைத்தியத்துல எது நியாயம், எது அநியாயம்னு பாக்குற படிப்பு" என்று அவள் விளக்குவாள்.

"அப்ப நீங்க வக்கீலா, டாக்டரா?"

"அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிற ஆளு."

"ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதானங்க மூட்டு!" என்றார் கிளாவரையிலிருந்து வந்த காரட் விவசாயி ஒருவர். அருள்மேரி அவர் முழங்காலுக்கு அப்பாவின் தைலத்தைத் தடவி அனுப்பி வைத்தாள்.

அது 1983ஆம் வருடம். மதுரையில் பி.எல். முடித்த கையோடு உதவித்தொகை கிடைத்துப் போனவள். போன இடத்தில் சட்டத்துறை மேட்டில் இருந்தது, அறவியல் துறை பள்ளத்தில். பனியில் வழுக்கி வழுக்கி இரண்டுக்கும் ஓடியதில் ஒரு வருடம் போனதே தெரியவில்லை. ஆய்வுக்கு அவள் எழுதிக் காட்டிய தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதில் சட்டமே இல்லையே" என்றார் மேட்டுப் பேராசிரியர். "இதில் சட்டத்தைத் தவிர ஒன்றுமே இல்லையே" என்றார் பள்ளத்துப் பேராசிரியை. ஜென்மப் பகையாளிகளான அந்த இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: தலைப்பு உருப்படாது. ஊருக்குப் போய் ஏதாவதொரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படித்தான் அவள் டாக்டர் ஆரோக்கியதாஸின் சிறிய ஆஸ்பத்திரியில் தினமும் போய் உட்கார்ந்தாள். டாக்டர் அப்பாவின் சிநேகிதர். கைராசிக்காரர், பொறுமை மட்டும் குறைவு.

ஒரு நாள் காலையில் நாச்சிமுத்துவைத் தூக்கி வந்தார்கள். ஆயக்குடி கொய்யா வியாபாரி. மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டு வந்த இடத்தில் கூடையைத் தூக்கியவருக்குக் குடலிறக்கம் பிதுங்கிக்கொண்டது. கூடவே மனைவி கந்தம்மாள்.

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா குடல் அழுகிடும்" என்றார் டாக்டர்.

"பண்ணுங்க" என்றாள் கந்தம்மாள்.

"மாட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

"அவரு கெடக்காருங்க. நான் சொல்றேன்ல, அறுங்க."

டாக்டர் கை கழுவக் கிளம்பிவிட்டார். அருள்மேரி எழுந்து குறுக்கே நின்றாள்.

"டாக்டர், அவரு மாட்டேங்கிறாரே."

"சம்சாரம் சரின்னுடுச்சேம்மா."

"வயிறு அவரோடதில்லையா?"

"அருள், உங்க அமெரிக்காவுல கொடலுக்கு ரொம்ப டைம் இருக்கும். இங்க கெடையாது."

"கால் மணி நேரம் குடுங்க. ஏன் வேண்டாங்கிறாருன்னு யாராச்சும் அவருகிட்டக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. நோயாளியிடமே கேட்பது என்பது டாக்டருக்குத் தோன்றாத யோசனை. முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

அருள்மேரி கட்டிலருகே குனிந்து கேட்டாள். நாச்சிமுத்து முதலில் கந்தம்மாளை டீ வாங்க அனுப்பினார். அவள் தலை மறைந்ததும் பக்கத்துக் கட்டிலை ஜாடை காட்டினார். அங்கே மனுவேல் என்ற டிரைவர், முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர், குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஆள நேத்து வெளிய தள்ளிட்டு வர்றப்ப மாமியாக்காரிய அந்த ஏச்சு ஏசுனானாம் தாயி. வார்டே சொல்லிச் சிரிக்குது. மயக்கத்துல மனசுல இருக்கறதெல்லாம் வாய்க்கு வந்துருமாமே?"

"சில பேரு உளறுவாங்க. உங்க மனசுல அப்படி என்ன இருக்கு?"

நாச்சிமுத்து குரலை இறக்கினார். மூன்று வருடத்துக்கு முன்னால் மகளுக்கு டைபாய்டு வந்து பிழைத்தது. பால்குடம் சுமந்து பழனிமலைப் படியேறுவதாக அவர் பேரில் கந்தம்மாள் வேண்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் அடிவாரத்தில் நிற்க, இவர் குடத்தோடு படியேறினார். நாலு படியிலேயே முட்டி விட்டுப்போனது. கூட்டத்தோடு கூட்டமாக நழுவி, கிரிவீதியைச் சுற்றிப் போய், கம்பிவடம் இழுக்கும் வின்ச் வண்டியில் சொகுசாக உட்கார்ந்து மலையேறிவிட்டார்.

"எறங்குறப்ப மட்டும் படியில எறங்கி வந்தேன். அவ என் காலைத் தொட்டுக் கும்பிட்டா தாயி. அதத்தான் தாங்க முடியல."

அருள்மேரி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நீங்க உள்ள என்ன உளறுனாலும் வெளிய போகாது. எழுதித் தரச் சொல்லட்டுமா?"

"எழுதாத! அவளுக்கு நல்லா வாசிக்கத் தெரியும்."

எனவே வாய்ச்சத்தியம்தான். டாக்டர், நர்சு, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் மூவரையும் வரிசையாக நிறுத்தி, நோயாளி என்ன பேசினாலும் மூச்சுவிட மாட்டோம் என்று சொல்ல வைத்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சத்தியம் செய்தார். நாச்சிமுத்து சம்மதித்தார். "நீ வாசலக் காத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மயக்கம் தெளியும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் ஆஸ்பத்திரியே அதிரும்படி எழும்பியது.

"வின்ச்ச நிறுத்துங்கப்பா! பாலு சிந்துது! முருகா, கந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிப்புடாத!"

வாசலில் கந்தம்மாள், கையில் ஆறிய டீயோடு. அருள்மேரி கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். பொய் சொல்லக் கூடாது, உண்மையையும் சொல்லக் கூடாது. இரண்டு படிப்பில் எதிலும் இதற்குப் பாடம் நடத்தவில்லை.

"என்னமோ வின்ச்சுங்கிறாரே?"

"அவருகிட்டயே கேட்டுக்கங்கக்கா. என்னால சொல்ல முடியாது."

கந்தம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று அருள்மேரி பதறிப்போனாள். அது சிரிப்பு.

"எனக்குத் தெரியாதா கண்ணு? மலையேறுன மனுசன் சட்டையில ஒரு பொட்டு வேர்வை இல்ல. படியில ஏறுனவரு அவ்வளவு வெரசாத் திரும்பி வருவாரா?"

"பின்ன ஏன் காலைத் தொட்டுக் கும்பிட்டீங்க?" கேட்ட பிறகுதான் அருள்மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கந்தம்மாள் அதைக் கவனிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தாள்.

"அவரு எறங்கி வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன்னு நானும் வேண்டியிருந்தேன். அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ, பசி தாங்கல. ஓட்டல்ல பூந்து ரெண்டு தோசையும் காப்பியும்... வாயைத் தொடச்சுட்டு வந்தா இவரு நிக்கிறாரு. அந்தக் குத்தத்துலதான் கால்ல விழுந்தேன்." கந்தம்மாள் அருள்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது அவருக்குத் தெரிய வேணாம். சத்தியம் பண்ணு."

அருள்மேரி சத்தியம் பண்ணினாள். வேறு என்ன செய்வாள்? பத்து நாள் கழித்துப் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தபடி பஸ் ஏறினார்கள். சன்னல் வழியாக நாச்சிமுத்து அவளைப் பார்த்துக் கண் அடித்தார். அடுத்த சன்னலில் கந்தம்மாளும் அடித்தாள்.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் அந்த ஆய்வுக்கட்டுரையின் வாய்மொழித் தேர்வு நடந்தது. பெயரில்லாத ஒரு நோயாளி, மனைவி, ஒரு ரகசியம், அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

"அவர் என்ன சொன்னார்? அது தெரியாமல் இந்த வழக்கை எப்படி எடை போடுவது?" என்றார் மேட்டுப் பேராசிரியர்.

"சொல்ல முடியாது, சார்."

"இங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்."

"உங்களுக்கு அவர்களைத் தெரியாதுதான். எனக்கு அவர்களைத் தெரியும்."

"சொல்லிவிட்டால் இவள் இங்கே படித்ததே வீண்!" என்று பள்ளத்துப் பேராசிரியை மேஜையைத் தட்டினார். அதிலிருந்து இருவரும் அருள்மேரியை மறந்துவிட்டு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். அவள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து, களைத்துப்போய், இருவருமே தேறினாய் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது மேட்டுப் பேராசிரியர் வேகவேகமாக வந்து பக்கத்தில் நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"சரி, என்னவென்று சொல்ல வேண்டாம். அது வேடிக்கையானதா, அதையாவது சொல்."

"ரொம்ப" என்றாள் அருள்மேரி.