சீட்டின் பின்பக்கம்

பொதுக் கோப்புறையில் சாவி கிடந்தது. பூட்டு இல்லாமல்.

அவள் இரண்டு முறை திறந்து பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்துக்கான ரகசியச் சாவிதான், கடவுச்சொல் கேட்காமலே திறக்கும் கோப்பாக. இதை வைத்திருப்பவன் எவனும் அந்தத் தளம் தான்தான் என்று நடிக்கலாம். நோயாளிகளின் ரத்த அறிக்கைகள் அவன் கைக்குப் போய்விடும். நாற்பது பேர் புழங்கும் கோப்புறை. தேதி, செவ்வாய். நேரம் ஒன்று பத்து, எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் வேளை.

வைத்தது யார் என்பதையும் கணினி காட்டியது. அவளுடைய அத்தான்.

அக்காவின் கணவர். முந்தைய வேலையில் ஏதோ தகவல் வெளியே போனது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். நிரூபிக்கவில்லை, நிரூபிக்க யாரும் மெனக்கெடவும் இல்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தார். "அவருக்கு நான் பொறுப்பு" என்று இங்கே மேலாளரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்தது இவள்.

முதலில் அவர் அலுவலகக் கணினிக்குள் நுழையும் கணக்கை முடக்கினாள். பிறகுதான் கூப்பிட்டாள்.

"என்னம்மா மேடம்?" என்றபடி வந்தார். வீட்டில் மச்சினி, அலுவலகத்தில் அதிகாரி. இரண்டையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"செவ்வாய்க்கிழமை நம்ம தளத்தோட சான்றிதழை மாத்துனீங்களா அத்தான்?"

"ஆமா. சான்றிதழும் சாவியும் ஒண்ணா இருந்த அந்த ஒத்தைக் கோப்பைப் புது சர்வர் எடுத்துக்கலையே. சான்றிதழ் தனி, சாவி தனின்னு பிரிச்சேன். ஒரே கட்டளை."

"சாப்பாட்டு நேரத்துலயா?"

"அப்பதான் யாரும் பின்னாடி நின்னு எட்டிப் பாக்க மாட்டாங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சாவியைப் பூட்டாம ஏன் பொதுவுல வச்சீங்க?"

"நீ எழுதி வச்சபடிதானே செஞ்சேன்? ஒரு எழுத்து பிசகல. உன் கையெழுத்தைப் படிக்கவே அரை மணி நேரம் ஆச்சு."

"நான் எங்க எழுதினேன்?"

சர்வர் அறைக்குக் கூட்டிப்போனார். திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு. போன வருடம் அவளே ஒட்டியது. நான்கு வரிகள். கட்டளை முழுதாக இருந்தது. சாவிக்குப் பூட்டு வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லும் இருந்தது. சேமிக்கும் இடம், பொதுக் கோப்புறை. அன்றைக்கு அவசரம். இரண்டு இயந்திரங்களும் எட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

ஆனால் வேலை முடிந்ததும் அவள் அழித்திருந்தாள். அதையும் எழுதியிருந்தாளே.

சீட்டைப் பிய்த்தாள். பின்பக்கம், பசைக்குக் கீழே, முன்னால் இடம் போதாமல் எழுதிய ஐந்தாவது வரி: சாவியை நகர்த்தியதும் இங்கிருந்து அழி.

அத்தான் குனிந்து படித்தார். "இது மானிட்டர் படிக்கிறதுக்கா?"

அவள் சிரிக்கவில்லை. சீட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். தூசி படியாத ஒரு சதுரம், ஓரம் கலையாமல். யாரும் இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை. அதையும் சரிபார்த்துக்கொண்டாள்.

இருக்கைக்குத் திரும்பிச் சாவியை அழித்தாள். பழைய சான்றிதழை ரத்துசெய்யச் சொல்லிப் புதியதற்கு விண்ணப்பித்தாள். மேலாளருக்கான அறிக்கையில் 'தவறு யாருடையது' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

"கட்டளை அடிச்சது நான்தானேம்மா," என்றார் பின்னாலிருந்து.

"எழுதிக் குடுத்தது நான். போய் வேலையைப் பாருங்க அத்தான்."

அவர் போய் உட்கார்ந்தார். விசைகளின் ஓசை கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது, இந்த முறை மெதுவாக, எழுத்து எழுத்தாக.

"கடவுச்சொல் தப்புங்குது," என்றார். "காலையில சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் மறந்துட்டேன் போல. நீ கொஞ்சம் பாரேன்மா."