அந்தப் பக்கம்

கீழ்வேளூர் மண்டபத்தில் ஆண்களுக்குத் தெரு வாசல், பெண்களுக்குக் கொல்லை வாசல். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்த ஷேக் பரீத் கொல்லை வாசலில் காரை நிறுத்தினான். காதில் துபாய் போன். முதலாளி கத்திக்கொண்டிருந்தான்.

"பிள்ளை தூங்குது மச்சான், நீங்களே தூக்கிக்குங்க," என்று சொல்லி மனைவி சபிஹா இறங்கினாள். அவன் தலையாட்டினான். காதில் விழவில்லை. பின்கதவு திறந்து மூடிய சத்தம் மட்டும் கேட்டது. அவள் எடுத்தது சீர்ப் பையை. மூன்று வயது மகள் ஷமீராவையும் தூக்கிக்கொண்டாள் என்று அவன் நினைத்தான்.

சித்திரை வெயில். அறுவடை முடிந்த வயலில் காரை விட்டுப் பூட்டினான். கண்ணாடியெல்லாம் கறுப்பு ஸ்டிக்கர்.

நிக்காஹ் முடிந்து நான்கு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் கவளத்திலேயே அவனுக்கு மகள் நினைவு வந்தது.

"பிள்ளை சாப்டுச்சான்னு கேட்டுட்டு வாங்களேன்."

"பொண்டாட்டியப் பாக்காம சோறு இறங்கலயா மாப்ளே?" என்று சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெகபர் அலி எழுந்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்கு இப்பால் நின்று குரல் கொடுத்தார். சபிஹாவின் அக்கா மெஹராஜ் பேகம் அவளிடம் விசாரித்துவிட்டுச் சொன்னாள்:

"பிள்ளை அந்தப் பக்கம் இருக்காம்."

அங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஆண்கள் பக்கம். ஜெகபர் அலி அதை அப்படியே சுமந்து வந்தார்.

"அந்தப் பக்கம் இருக்காம்பா, சாப்பிடு."

இங்கிருந்து பார்த்தால் அது பெண்கள் பக்கம். ஷேக் பரீத் நிம்மதியாகச் சோற்றில் கை வைத்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொல்லை வாசலில் சபிஹா வெறுங்கையோடு நின்றாள். அவனும் வெறுங்கையோடு வந்தான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அவன் வயலை நோக்கி ஓடினான்.

கண்ணாடியின் உட்புறத்தில் சின்ன விரல்களின் தடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்ததோடு சரி.

சபிஹா தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவன் துபாய்க்குப் போகவில்லை.

இப்போது அழைப்பில்லாத கல்யாணங்களுக்கும் போகிறான். வெயிலில் நின்று கார் காராகக் குனிந்து பார்க்கிறான். இறங்குகிறவர்களிடம், "பிள்ளையக் கையால தொட்டுப் பாத்துட்டுப் பூட்டுங்க," என்கிறான்.

"எங்க வண்டியத் தொடாதீங்க பாய்," என்கிறார்கள். நேற்று ஒருவன் நின்றுகூடக் கேட்கவில்லை. பூட்டிவிட்டு நடந்துகொண்டே சொன்னான்:

"பிள்ளை அந்தப் பக்கம் இருக்கு பாய்."

ஷேக் பரீத் அந்தக் காரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். கறுப்பு ஸ்டிக்கர். தன் முகம்தான் தெரிந்தது.